பெரிய வளைவின் ஏற்றம்

மார்ச் 2

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம்.

கவர் வந்துச்சு. ஏதோ கடுதாசி போட்டிருக்கீங்கன்னு ஆசையா பிரிச்சா, உள்ளருந்து சுண்டுவிரல் அளவுக்கு ஒரு பென் டிரைவ் விழுந்து கட்டிலுக்கு அடியில ஓடிருச்சு. குனிஞ்சு எடுத்துட்டு நிமிரறதுக்குள்ள என் இடுப்பு யாரோ மூணாம் மனுஷன் இடுப்பு மாதிரி ஆயிடுச்சு. பொண்ணைக் குடுத்தவனுக்கு ரெண்டு வரி எழுத முடியாத அளவுக்கு உங்க வீட்டுல பேனாவுக்குப் பஞ்சமா?

எதிர்வீட்டு டெய்லரம்மாதான் வந்து அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுத்தாங்க. "என்னய்யா, புதுப் படமா?"ன்னு கேட்டாங்க. உதட்டைப் பார்த்துத்தான் சொல்றேன், காதால கேட்டுச் சொல்லலை. "இல்லம்மா, எங்க சம்பந்தியம்மா ரயில் பாதை போட்டிருக்காங்க"ன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்துட்டுக் கிளம்பிட்டாங்க.

அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை. நான் முப்பத்தஞ்சு வருஷம் சரக்கு வண்டி ஓட்டின மலைப் பாதையை, அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காத நீங்க, கம்ப்யூட்டர் விளையாட்டுல ஓட்டற மாதிரி அப்படியே போடப்போறீங்கன்னா யாரு நம்புவாங்க? குடிதண்ணிக் குழாய் ஆபீஸ்ல படம் வரைஞ்சு ரிட்டையர் ஆன அம்மா, கை சும்மா இருக்க மாட்டாம எதையோ கிறுக்கறாங்கன்னுதான் நானும் நினைச்சேன்.

ஓட்டிப் பார்த்தேன். பாலம் தாண்டினதும் ஏறுது. சரி, ஏறணும். ஏறின சூட்டோட இறங்குது. இறங்கின சூட்டோட மறுபடி ஏறுது. எனக்குப் பின்னாடி முப்பது வேகன். எஞ்சின் ஒரு மேட்டு மேல, நடு வேகன் பள்ளத்துல, கடைசி வேகன் வேற ஒரு மேட்டுல உட்கார்ந்துகிட்டு எனக்கு டாட்டா காட்டுது. நடுவுல கொக்கி அந்து, பாதி வண்டி நான் வேண்டாம்னு பின்னாடியே போயிருச்சு. அம்மா, இது ரயிலா ஒட்டகமா?

போன்லயே சொல்லியிருப்பேன். ஆனா போன்ல எனக்குக் கேக்கறது பாதி, அந்தப் பாதியும் "ஹலோ ஹலோ"தான். அதனால கடுதாசி.

என் பொண்ணு இன்னும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் இருக்காளா? போன தடவை உங்க வீட்டுக்கு வந்தப்ப அவ வாங்கிக் குடுத்த காது மெஷின் மேஜை டிராயர்ல பத்திரமா இருக்கு, டப்பாவைக்கூடப் பிரிக்கலைன்னு சொல்லுங்க. வேணாம், சொல்லாதீங்க. சொன்னா இன்னும் ஒரு முழம் தூக்குவா.

சம்பந்தியைக் கேட்டதாச் சொல்லுங்க. முழிச்சிருந்தா.

இப்படிக்கு,
ஒட்டகம் ஓட்டினவன்


மார்ச் 13

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். உங்கள் சம்பந்தி முழித்துக்கொண்டுதான் இருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இப்போது நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்போதெல்லாம், "ஒட்டகத்துக்குத் தீனி வச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

தப்பு என்னுடையது. வானத்திலிருந்து அளந்த நில உயரக் கணக்கு எல்லாருக்கும் கிடைக்கிறது. அதை வைத்து மலையை எழுப்பிவிட்டு, தண்டவாளத்தை அதன்மேல் பாய் மாதிரி விரித்துவிட்டேன். அந்தக் கணக்குக்கு மரத்தின் உச்சியும் மேடுதான், பாறையும் மேடுதான். நிலம் எங்கெல்லாம் நெளிந்ததோ அங்கெல்லாம் பாதையும் நெளிந்திருக்கிறது. தண்ணீர்க் குழாய்க்கு இத்தனை வருடம் சரிவு வரைந்தவள் நான். குழாய்ச் சரிவு ஒரு சாண் தப்பினால் கடைசி வீட்டுக்காரர் குழாயைத் திறந்ததும் காற்றுதான் வரும், கூடவே திட்டும் வரும். அப்படிப்பட்டவள் ரயிலுக்கு இப்படிச் செய்தேன் என்றால், விளையாட்டுத்தானே என்று நினைத்துவிட்டேன், வேறென்ன?

எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். இப்போது முதலில் கோடு. பாலத்தின் உயரம் எவ்வளவு, மேலே உள்ள ஸ்டேஷனின் உயரம் எவ்வளவு என்று பார்த்து, நடுவே ஒரே சீரான ஏற்றம். மலை குறுக்கே வந்தால் மலையை வெட்டுகிறேன். பள்ளம் வந்தால் மண் கொட்டி மேடாக்குகிறேன். நிலம்தான் பாதைக்கு அடங்க வேண்டும். சமதளம் முடிந்து ஏற்றம் தொடங்கும் இடத்திலும் முனை தெரியாமல் மெல்ல வளைத்துவிடுகிறேன்.

இரண்டு விஷயம் மட்டும் சொல்லுங்கள். அந்த ஏற்றம் ஐம்பதுக்கு ஒன்றுதானே? ஐம்பது அடி போனால் ஓர் அடி உயரம்? மூன்றாவது சுரங்கத்துக்கு முன்னால் ஒரு பெரிய வளைவு இருக்கிறதே, அங்கே சக்கரம் கத்துமா?

மருமகள் பக்கத்தில்தான் இருந்தாள். ஒட்டகம் வந்தபோது அவள் முகம் கொஞ்சம் இறங்கியது. காது மெஷின் வந்ததும் மறுபடி ஏறிவிட்டது. அந்தச் சரிவை மட்டும் என்னால் வரைய முடியவில்லை, அண்ணா.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி வீட்டு ஒட்டகம்


ஏப்ரல் 6

சம்பந்தியம்மாவுக்கு,

முதல்ல கையைக் குடுங்க. வேணாம், சம்பந்தி தப்பா நினைப்பாரு. ஒரு கும்புடு போட்டுக்கறேன்.

புதுசா வந்த பாதையை ஓட்டினேன். பாலம் தாண்டினேன். எந்த இடத்துல ஏற்றம் தொடங்குச்சுன்னு எனக்குத் தெரியலை! வேகம் காட்டற முள்ளு மட்டும் நாற்பதுலேருந்து மெதுவா, மெதுவா, யாரோ பின்னாடிலேருந்து சட்டையப் பிடிச்சு இழுக்கற மாதிரி இறங்குச்சு. என் கை தானாப் போயி மேஜைமேல எஞ்சின் பிடியைத் தேடுது. அங்க இருந்தது டீ டம்ளர். டீ எல்லாம் லுங்கியில.

இருந்தாலும் வண்டியை நிறுத்தலை. முழு வேகத்துல வச்சேன். முள்ளு பதினெட்டுல வந்து நின்னுச்சு பாருங்க. பதினெட்டு! அதேதான்மா! முப்பது வேகனோட அந்த மலையில எங்க வண்டி பதினெட்டுக்கு மேல போகாது, கீழ வராது. ரெண்டு பக்கமும் பாறை வெட்டு, அதுல ஈரம் கசிஞ்சு கறுப்பா ஓடின கோடு, பக்கத்துலயே தண்ணி போற சின்ன வாய்க்கால். அந்த வாய்க்காலை யாரு உங்களுக்குச் சொன்னது? நான் சொல்லலையே. இரண்டாவது சுரங்கத்துக்குள்ள போனா அந்தப் பக்கத்து வெளிச்சம் ஒரு காசு மாதிரி தெரியும், வரவரத் தட்டு மாதிரி ஆகும். அதுவும் வந்துச்சு. எட்டாவதோட பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுட்டு, வண்டி துடைக்கிற வேலையில சேர்ந்து, அப்புறம் ஓட்டறதுக்கு வந்தவன் நான். எனக்குப் புகழ்ந்து எழுதத் தெரியாது. டீயைத் துடைக்காமயே ஓட்டினேன், அதை வச்சுப் புரிஞ்சுக்கங்க.

ஐம்பதுக்கு ஒண்ணுதான். வேலைக்குச் சேர்ந்தப்ப சொல்லிக் குடுத்தது, தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். பெரிய வளைவு தொடங்கற இடத்துல ஒரு சிக்னல். அங்க நிறுத்திப் போட்டா சீக்கிரம் விட மாட்டான். பக்கத்துலயே சரிவு எழுதின பலகை ஒண்ணு, இடுப்பு உயரத்துக்கு. நானும், கடைசிப் பெட்டியில கொடியோட வர்ற எங்க கார்டும் அதுலதான் துண்டு காயப் போடுவோம். கார்டுக்கு நாங்க வச்ச பேரு கொட்டாவி. அவன் பச்சைக் கொடியைத் தூக்கினாலே எனக்குத் தூக்கம் வரும்.

சரி, பாராட்டினது போதும். இப்ப வசவு.

அந்தப் பெரிய வளைவு தப்பு. அங்க போனதும் முள்ளு பதினெட்டுலேருந்து இருபதுக்கு நழுவுது. வளைவு முடிஞ்சதும் மறுபடி பதினெட்டு. நீங்க அந்த இடத்துல மட்டும் ஏற்றத்தைக் குறைச்சுட்டீங்க. கிழவன் பாவம், கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்னு நினைச்சீங்களாக்கும்! நிஜத்துல அந்த வளைவுல முள்ளு ஆணி அடிச்ச மாதிரி பதினெட்டுல நிக்கும். ஒரு நாள் கூட, ஒரு தடவை கூட அது நழுவலை. நான் பார்க்காத முள்ளா?

அப்புறம், சக்கரம் கத்துமான்னு கேட்டீங்களே. கத்துமாவா! பள்ளத்தாக்கு முழுக்கக் கேக்கும், பல்லு கூசும். உங்க வண்டி அங்க ஊமையாப் போகுது. ஸ்பீக்கரை முழுசாத் திருகி வச்சிருக்கேன், எஞ்சின் உறுமறது மேஜை அதிர்றதுலயே தெரியுது. கீச்சு மட்டும் இல்லை.

ஏற்றத்தைச் சரி பண்ணுங்க. பண்ண மாட்டேன்னா பந்தயம். நான் ஜெயிச்சா அந்த வளைவுல ஐம்பதுக்கு ஒண்ணு போடணும், மேல இருக்கற ஸ்டேஷன் பெஞ்சுல கொட்டாவியைத் தூங்கற மாதிரி படுக்க வைக்கணும். நீங்க ஜெயிச்சா என்ன வேணா கேளுங்க.

இப்படிக்கு,
பதினெட்டு


ஏப்ரல் 15

அண்ணாவுக்கு,

டீ கொட்டிய லுங்கியை உங்கள் சம்பந்தி இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

நீங்கள் கண்டுபிடிப்பீர்கள் என்று நான் நினைக்கவேயில்லை. முப்பது வேகனை இழுத்துக்கொண்டு போகிறவருக்கு இரண்டே இரண்டு கிலோமீட்டர் வித்தியாசம் உறைக்கிறதா! ஆமாம், பெரிய வளைவில் மட்டும் ஐம்பத்தேழுக்கு ஒன்றுதான் போட்டிருக்கிறேன். உங்கள்மேல் இரக்கப்பட்டுப் போடவில்லை. வளைவின் இரண்டு முனையிலும் பாறை வெட்டு இருக்கிறது. மரம் வளரும், மண் சரியும், பாறை அங்கேயேதான் இருக்கும். அந்த இரண்டு முனைகளின் உயரத்தையும் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அங்கே ஏற்றம் குறைகிறது. ஏன் என்று எனக்கும் தெரியவில்லை. உங்கள் முள் நகரவில்லை என்கிறீர்கள். அதையும் நம்புகிறேன். இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும் என்பதுதான் என்னைச் சமையலில் உப்புப் போட மறக்க வைத்திருக்கிறது.

ஆனால் அளவை மாற்ற மாட்டேன். பந்தயத்துக்குச் சம்மதம். நான் ஜெயித்தால் டிராயரில் இருக்கும் காது மெஷினை எடுத்து நீங்கள் மாட்டிக்கொள்ள வேண்டும்.

கோபப்படாமல் மேலே படியுங்கள். அந்த வண்டி ஊமை இல்லை, அண்ணா. கீச்சுச் சத்தத்தை முதல் பென் டிரைவிலேயே வைத்திருந்தேன், இதிலும் இருக்கிறது. அது உங்களுக்குக் கேட்டதா என்று அறியத்தான் 'கத்துமா?' என்று கேட்டேன். எங்கள் வீட்டு இரும்புப் பீரோவின் கதவை மெதுவாகத் திறந்து மூடிப் பதிவு செய்தது. கதவை ஆட்டியது உங்கள் பெண்தான். அன்று பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கோபித்துக்கொண்டு பஸ் ஏறிப் போன அன்று அவள் என்னிடம் சொன்னாள்: "அப்பாகிட்ட எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கு அத்தை. சாப்பிடுங்கன்றதக்கூடக் கத்தறேன். கத்திக் கத்தி எனக்கே கோவம் வந்துடுது. நான் கோவக்காரின்னு அவர் நினைச்சுட்டுப் போயிட்டார்." இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

அன்புடன்,
ஐம்பத்தேழு


ஏப்ரல் 22

சம்பந்தியம்மாவுக்கு,

பந்தயத்துல என் காதை எடுத்து வைக்கறதுக்கு நீங்க யாரு? நான் கேட்டது தண்டவாளத்தைப் பத்தி. நீங்க எங்கேயோ சுத்தி என் டிராயருக்குள்ள கையை விடறீங்க.

ஷெட்டுல ஏதாவது எஞ்சின் முக்குச்சுன்னா என்னைத்தான் கூப்பிடுவாங்க. தொடாம, திறக்காம, நின்னு கேட்டுட்டு, "நாலாவது சிலிண்டர்"னு சொல்லிட்டு வந்துடுவேன். திறந்து பார்த்தா நாலாவதுதான் இருக்கும். அந்தக் காதுக்கு மொச்சைக் கொட்டை அளவுல ஒரு மெஷின்! மாட்டிக்கிட்டு ஷெட்டு வாசல் வழியா நடந்தா, கொட்டாவி கூடச் சிரிப்பான்.

கதவை ஆட்டினது அவளா?

இதைக் கோவத்துல எழுதிட்டேன். கிழிச்சுப் போடலாம்னா ஸ்டாம்ப் ஒட்டியாச்சு. பந்தயம்னு வாயை விட்டதும் நான்தான், பின்வாங்க மாட்டேன். எப்படியும் ஜெயிக்கப்போறது நான். வேகனைக் கூட்டியும் குறைச்சும் ஓட்டிப் பார்த்துட்டேன், ஒவ்வொரு தடவையும் அந்த வளைவுல வண்டி வழுக்கிக்கிட்டுத்தான் ஓடுது. பெஞ்சுக்குப் பெயின்ட் அடிச்சு வைங்க.

இப்படிக்கு,
நான்தான்


மே 3

அண்ணாவுக்கு,

உங்கள் கோபம் நியாயம்தான். அதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை. வளைவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உப்பில்லாத குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் பொறி தட்டியது. சக்கரம் கத்தும் என்று எழுதியிருந்தீர்களே. சத்தம் சும்மா வருமா? சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தில் உரசினால்தான் வரும். உரசினால் அது வண்டியைப் பின்னால் இழுக்கத்தானே செய்யும்? குழாயிலும் அப்படித்தான். குழாய் வளைகிற இடத்தில் தண்ணீர் வேகத்தை இழக்கும். நாங்கள் சரிவு வரையும்போது அதற்கென்று தனியாகக் கொஞ்சம் கணக்கு வைப்போம். இது தெரிந்தவள் ரயிலுக்கு யோசிக்காமல் போனேன்.

அண்ணா, அந்தப் பாதையைப் போட்டவர்களும் அந்தக் கணக்கை வைத்திருக்கிறார்கள். நேரான இடத்தில் ஏற்றம் மட்டும்தான் வண்டியை இழுக்கும். வளைவில் ஏற்றமும் இழுக்கும், உரசலும் இழுக்கும். அதே ஏற்றத்தை வளைவிலும் போட்டிருந்தால் உங்கள் வண்டி அங்கே போய்த் திணறி நின்றிருக்கும். அதனால் உரசல் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவுக்கு ஏற்றத்தைக் குறைத்துவிட்டார்கள். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறைகிறது, மொத்தம் மாறுவதே இல்லை. உங்கள் முள் ஆணி அடித்த மாதிரி நின்றது அதனால்தான். நீங்கள் சொன்னதும் சரி, பாறை சொன்னதும் சரி.

அப்படியென்றால் உங்கள் கம்ப்யூட்டரில் ஏன் நழுவுகிறது? விளையாட்டின் அமைப்புகளைத் திறந்து பாருங்கள். "வளைவு உரசல்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் குறி இருக்காது. மருமகளிடம் கேட்டேன். முதன்முதலில் உங்களுக்கு அந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தபோது, "அப்பா கஷ்டப்படக் கூடாது" என்று எல்லாவற்றையும் சுலபத்தில் வைத்தாளாம். உரசல் இல்லாத உலகத்தில் உங்களை ஓட்ட விட்டிருக்கிறாள். ஏற்றம் குறைந்தது மட்டும் உங்களுக்குத் தெரிந்தது, இழுப்பு தெரியவில்லை.

அந்தக் கட்டத்தில் குறி போட்டுவிட்டு ஒரே ஒரு தடவை ஓட்டுங்கள். முள் நழுவினால் நான் தோற்றேன். கொட்டாவிக்குத் தலையணையும் சேர்த்து வைக்கிறேன்.

நழுவாவிட்டாலும், மாட்டித்தான் ஆக வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். பந்தயத்தில் அதை வைத்தது தப்பு.

அன்புடன்,
சம்பந்தியம்மா


மே 20

சம்பந்தியம்மாவுக்கு,

தாமதத்துக்குக் காரணம் இருக்கு. வரிசையாச் சொல்றேன், நடுவுல கொட்டாவி விடாதீங்க.

டெய்லரம்மா வந்து அந்தக் கட்டத்துல குறி போட்டுக் குடுத்தாங்க. பாலம் தாண்டினேன். ஏறினேன். பதினெட்டு. முதல் சுரங்கம், இரண்டாவது சுரங்கம், பதினெட்டு. பெரிய வளைவு வந்துச்சு. நான் மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, முள்ளுமேல மூக்கு முட்டற அளவுக்குக் கிட்டப் போயி உட்கார்ந்தேன். நழுவுடா, நழுவுடான்னு வேண்டிக்கிட்டேன். ஆணிம்மா! பதினெட்டுல ஆணி! எஞ்சின் வளைவுக்குள்ள போச்சு, ஒவ்வொரு வேகனாப் போச்சு, கடைசி வேகனும் போச்சு. முள்ளு அசையலை.

எழுந்திரிச்சுப் போயி வாசல்ல நின்னுட்டேன். டெய்லரம்மா "என்னாச்சுய்யா?"ன்னாங்க. "தோத்துட்டேம்மா"ன்னேன். "அதுக்கு ஏன் சிரிக்கறீங்க?"ன்னாங்க.

சிரிக்காம? யாரோ ஒரு மகராசன், எந்தக் காலத்து ஆளோ, அந்த மலையில கோடு போட்டவன். பின்னாடி ஒருத்தன் வருவான், முப்பது வேகனை இழுத்துக்கிட்டு வருவான், வளைவுல அவனுக்கு மூச்சு முட்டக் கூடாதுன்னு நினைச்சிருக்கான். நினைச்சது மட்டுமில்ல, அப்படி ஒண்ணு பண்ணினதே எனக்குத் தெரியாத மாதிரி பண்ணிட்டுப் போயிருக்கான். முப்பத்தஞ்சு வருஷம் அவன் கையில உட்கார்ந்து போயிருக்கேன், ஒரு நாள் அவனை நினைக்கலை. நான்தான் ஓட்டறேன்னு மீசையை வேற முறுக்கிக்கிட்டேன்! நீங்க வீட்டுக்குள்ள உட்கார்ந்துகிட்டு, உப்பில்லாத குழம்பைக் குடிச்சுட்டு அவனைக் கண்டுபிடிச்சுட்டீங்க. நானும் பாராட்டணும்னு வார்த்தையைத் தேடறேன், கிடைக்கலை. அவனும் நீங்களும் ஒரே ஆபீஸ்ல வேலை பார்த்தவங்கன்னு வச்சுக்கறேன்.

இதுல கூத்து என்னன்னா, அந்தப் பலகை. சிக்னல் பக்கத்துல இருந்துச்சுன்னு சொன்னேனே. சரிவு மாறினாத்தானே பலகை நடுவாங்க? ஐம்பதே தொடர்ந்துச்சுன்னா அங்க எதுக்குப் பலகை? ஐம்பத்தேழுன்னு அதுல கொட்டை எழுத்துல எழுதியிருந்திருக்கும். நானும் கொட்டாவியும் அதுமேலதான் ஈரத் துண்டைப் போட்டு மூடி வச்சிருக்கோம்! உங்க பாதையில அந்தப் பலகையை நடும்போது ஒரு துண்டும் போடுங்க. நீலக் கோடு போட்டது. அது என்னோடது.

சரி. டிராயருக்கு வரேன்.

வேணாம்னு விட்டுட்டீங்க நீங்க. அதுதான் வம்பாப் போச்சு. மாட்டியே ஆகணும்னு நின்னிருந்தா சண்டை போட்டு ஜெயிச்சிருப்பேன். நானே திறந்தேன், நானே மூடினேன். அடுத்த நாளும் அப்படியே. ஒரு நாள் கண்ணாடி முன்னாடி மாட்டிக்கிட்டுக் கழட்டிட்டேன். ஏன்னா டெய்லரம்மா மெஷினை ஓட்ட ஆரம்பிச்சாங்க. தெருவுல ஏதோ இடிஞ்சு விழுதுன்னு நினைச்சுட்டேன். இத்தனை நாளா எதிர்ல இப்படி ஒரு சத்தத்தை வச்சுக்கிட்டா தூங்கினேன்?

போன வாரம் அதை மாட்டிக்கிட்டே வண்டியை எடுத்தேன். எஞ்சின் உறுமினது மேஜையில இல்ல, காதுல. அதைப் பத்தி எழுத மாட்டேன், எழுதினா கண்ணாடி மங்குது.

பெரிய வளைவு வந்துச்சு. கீச்ச்ச்சுன்னு ஒரு சத்தம் பாருங்க. பல்லு கூசுச்சு, உடம்பு புல்லரிச்சுப் போச்சு. அதே சத்தம்! பீரோவாவது கதவாவது, எங்க சக்கரமேதான்! வளைவு நெடுக அது கத்திக்கிட்டே வருது, முள்ளு பதினெட்டுல நிக்குது. கத்தறதாலதான் நிக்குதுன்னு இப்ப எனக்குத் தெரியும். ரெண்டையும் சேர்த்துக் கேட்டாத்தான் அந்த வளைவு புரியும். முள்ளை மட்டும் பார்த்துக்கிட்டு உங்களோட சண்டைக்கு வந்தேன் பாருங்க.

அப்புறம் வளைவு முடிஞ்சுது. கீச்சு தேஞ்சு நின்னுச்சு. அது நின்ன இடத்துல, மெதுவா, ரொம்ப மெதுவா ஒரு குரல்: "போதுமா அத்தை?"

பிரேக்கைப் போட்டுட்டேன். ஏத்தத்துல முப்பது வேகனோட நிறுத்தக் கூடாது, மறுபடி கிளப்பறது குதிரைக் கொம்பு. இருந்தாலும் போட்டுட்டேன்.

அந்தக் குரலை நான் கேட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? கத்தாத குரல். சின்னப் புள்ளையில தூங்கி எழுந்து வந்து, தண்ணி வேணும்னு கேக்கும் பாருங்க, அந்தக் குரல். அது இன்னும் அவகிட்ட இருக்கு. என் காதுக்குத்தான் எட்டலை.

வண்டியைப் பின்னாடி எடுத்து மறுபடி வளைவுல விட்டேன். "போதுமா அத்தை?" மறுபடி எடுத்தேன். சிக்னல்காரன் இருந்திருந்தா எனக்கு வேலை போயிருக்கும்.

அதை வெட்டாம விட்டது மறதின்னு சொல்லுவீங்க. வாய்க்கால் ஓரத்து ஈரக் கோட்டை மறக்காத ஆளு! நான் கேக்க மாட்டேன், நீங்களும் சொல்ல வேணாம். ஆனா ஒண்ணு. நானும் ஒரு ஏத்தம் ஏறியிருக்கேன் இந்த ரெண்டரை மாசத்துல. எந்த இடத்துல அது தொடங்குச்சுன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன், தெரியலை. முள்ளு நகரவே இல்லை. கெட்டிக்காரிம்மா நீங்க.

இன்னொரு சேதி. நேத்து நானே போன் போட்டேன். எடுத்தது உங்க மருமகதான். "அப்பா! எப்படி இருக்கீங்கப்பா! சாப்டீங்களா!"ன்னு வழக்கம் போல ஊரே கூடற மாதிரி ஒரு கத்து. மெஷினைக் கழட்டி எறிஞ்சுடலாம்னு கை போச்சு. அடக்கிக்கிட்டு, "ஏம்மா இப்படிக் கத்தற? காது கிழியுது, மெதுவாப் பேசு"ன்னேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பேட்டரி தீர்ந்துபோச்சுன்னு நினைச்சுட்டேன். தீரலைம்மா. மூக்கை உறிஞ்சற சத்தம் நல்லாக் கேட்டுச்சு.

இப்படிக்கு,
உங்க சம்பந்தி